கத்தி போச்சு, புத்தி வந்தது... டும் டும் டும்!

எங்கள் வீட்டில் மொத்தம் மூன்று கத்திகள். முதலாவது, காய் நறுக்க. இரண்டாவது, பிடி உடைந்துபோய், பார்சல் பிரிக்க, பென்சில் சீவ, ஸ்விட்ச் போர்டு திறக்க என்று சகல காரியத்துக்கும் ஆவது. மூன்றாவது, எதற்கும் ஆகாதது. அது என்னுடையது.

'எதுக்கும் ஆகாதது' என்பது என் வார்த்தை அல்ல, சகதர்மிணியின் வார்த்தை. கத்தியைச் சொன்னாளா, கத்தியின் சொந்தக்காரனைச் சொன்னாளா என்று நான் விசாரிக்கவில்லை. மயிலாப்பூர் போர்ஷன் வீடுகளில் சில விஷயங்களை விசாரிக்காமல் இருப்பதே உத்தமம். பக்கத்து போர்ஷனுக்குக் கேட்கும்.

அந்த மூன்றாவது கத்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. கொண்டு வந்தவன் என் மச்சினன். மற்றவர்களுக்கெல்லாம் மச்சினன் வந்தால் சாக்லேட் வரும், சென்ட் வரும். எனக்குக் கத்தி வந்தது. "அத்திம்பேர், நீங்க மலை ஏறப் போறேளாமே! இது அவுட்டோர் நைஃப். கையில வெச்சுப் பாருங்கோ" என்றான். வைத்துப் பார்த்தேன். நாலு அங்குல அலகு. ஆனால் என்னைக் கவிழ்த்தது கத்தி இல்லை சார், அதன் உறை.

கறுப்பாக, கெட்டியாக, ஒருவித பிளாஸ்டிக். கைடெக்ஸ் என்று பெயராம். 1960-களில் விமானங்களின் உட்புறப் பலகைகளுக்காக அமெரிக்காவில் கண்டுபிடித்த சமாச்சாரம். சூடு காட்டி, கத்தியின் மேலேயே அழுத்தி, அதன் அச்சிலேயே உறை செய்துவிடுகிறார்கள். கத்தியை உள்ளே தள்ளினால் 'டக்' என்று ஒரு சத்தம். இழுத்தால் மறுபடி 'டக்'. அந்த 'டக்'கில் ஒரு சொக்கு இருக்கிறது பாருங்கள், அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். கூடத்தில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்க 'டக்... டக்' என்று செய்துகொண்டிருந்தேன்.

"ஏன்னா, பல்லி சொல்றதுன்னு நானும் ரெண்டு தடவை கிருஷ்ணா கிருஷ்ணான்னுட்டேன். நிறுத்தறேளா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நிறுத்தினேன்.

அந்த உறையில் பெல்ட்டில் மாட்ட ஒரு கொக்கி. கொக்கியை உறையோடு பிடித்துக்கொண்டு இரண்டே இரண்டு திருகுகள். 'டக்'கைக் கவனித்த அளவுக்கு நான் திருகைக் கவனிக்கவில்லை. அதுதான் கதை.

*

பி.காம். முடித்துவிட்டு, தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஏழு வருஷம் வவுச்சர்களுக்கு டிக் அடித்துவிட்டு, 'எழுதியே பிழைத்துக்கொள்கிறேன்' என்று வெளியே வந்தவன் நான். வேலையை விட்டாலும் அந்த ஆபீஸ் ஆட்கள் என்னை விடவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை மலையேற்றம் போவார்கள், என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். நாற்காலியிலேயே உட்கார்ந்து நாற்காலி மாதிரியே ஆகிவிட்ட ஆறு பேர், 'உடம்பு இளைக்கணும்' என்று கிளம்பி, போகிற வழியெல்லாம் போண்டா சாப்பிட்டு, போன எடையோடு திரும்புகிற கோஷ்டி அது.

2023 ஆகஸ்டில் ஏலகிரி என்று முடிவாயிற்று. சென்ட்ரலில் ரயில் ஏறி ஜோலார்பேட்டை, அங்கிருந்து பஸ். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏழுக்குப் புலவர்கள் பெயர், ஏழுக்குக் கடையெழு வள்ளல்கள் பெயர். பாரி வளைவு வந்தபோது, முல்லைக்குத் தேர் கொடுத்தவன் கதையைக் கேஷியருக்கு விஸ்தாரமாகச் சொன்னேன். அதே மலையில் இன்னும் சில மணி நேரத்தில் நான் புல்லுக்குக் கத்தி கொடுக்கப்போகிறேன் என்பது அப்போது தெரியாது.

மலை மேல் சுவாமிமலை என்று ஒரு சிகரம், 4,300 அடிக்கு மேல். ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். இடுப்பில் கத்தி. நடையே மாறிவிட்டது சார் எனக்கு. பெல்ட்டில் கத்தி தொங்கினால் மனிதனுக்கு ஏதோ ஆகிவிடுகிறது. கணக்குப் பிள்ளை, கட்டபொம்மன் மாதிரி நடக்கிறான்.

உச்சியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கினேன். ரொட்டி வெட்டினேன். தேவையே இல்லாமல் ஒரு கயிற்றையும் அறுத்தேன். ஜூனியர் பையன் கண்கொட்டாமல் பார்த்தான். 'டக்' என்று கத்தியை உறையில் போட்டேன். உண்மையில் அந்தத் தடவை 'டக்' வரவில்லை. 'தக்' என்று ஒரு மாதிரி சோகையாக வந்தது. காது கேட்டது, புத்தி கேட்கவில்லை.

இறங்கும்போது பாறைகளில் குதித்தோம். நான் இரண்டு இடத்தில் வழுக்கி உட்கார்ந்து நகர்ந்தேன். முதுகுப் பையின் வார் இடுப்பில் உரசிக்கொண்டே வந்தது. கீழே டீக்கடையில் கேஷியர் ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டி, "எடுங்க சார் உங்க வாளை!" என்றார்.

கை இடுப்புக்குப் போனது. உறை, ஒற்றைத் திருகில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே காற்று.

*

முதலில் விலைதான் மனதில் ஓடியது. மச்சினன் விலையைச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் இருந்த விதத்திலேயே தெரியும். 'போனால் போகிறது, மச்சினனிடம் என்ன சொல்வது' என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஜூனியர் பையன் மெதுவாகக் கேட்டான்:

"சார், அது உறை இல்லாமத்தானே விழுந்திருக்கும்? நாம வர்றப்போ எதிர்ல நாலஞ்சு பேர் மேல ஏறிப் போனாங்களே... பாதிப் பேர் கால்ல செருப்பே இல்ல."

டீ கசந்துவிட்டது. ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் புல். ஷேவ் பண்ணலாம் என்று நான் பெருமையடித்துக்கொண்ட நாலு அங்குல அலகு, அதில் எங்கேயோ மல்லாந்து கிடக்கிறது. பொழுது வேறு சாய்கிறது.

நானும் அந்தப் பையனும் திரும்ப ஏறினோம். காலையில் கட்டபொம்மனாக ஏறிய பாதையில் இப்போது கள்ளன் மாதிரி குனிந்துகொண்டு ஏறினேன். ஒவ்வொரு புல் புதரையும் குச்சியால் விலக்கி, டார்ச் அடித்து... இருபது நிமிஷம் இருக்கும். நான் வழுக்கி உட்கார்ந்த இரண்டாவது இடத்தில், பாதை ஓரமாக ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். பக்கத்தில் ஒரு விறகுக் கட்டு. மடியில் தேக்கு இலையில் சுருட்டி வைத்த ஏதோ ஒன்று.

"உங்களுதா?" என்றார்.

"ஆமாம்மா" என்றேன்.

ஒன்றும் பேசாமல் காலிலிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றிக் காட்டினார். அடியில் பெருவிரலுக்குக் கீழே ஒரு கீறல், பிளேடால் கிழித்த காகிதம் மாதிரி. மேல் பக்கம் வரை வந்திருந்தது. இன்னும் ஒரு நூல் போயிருந்தால்...

"எனக்காச்சும் செருப்பு இருந்துச்சு. பின்னால பேரன் ஓடியாறான், அவன் வெறுங்காலு. அதான் எடுத்து வெச்சிக்கினு குந்திக்கினேன். எப்பிடியும் தேடிக்கினு வருவீங்கன்னு தெரியும். வெல ஜாஸ்தி மாதிரி கீது" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எழுதிப் பிழைக்கிற ஆள் நான். ஆனாலும் வாயில் ஒரு வாக்கியம் முழுசாக வரவில்லை. அவர் விறகுக் கட்டைக் காட்டினார். கட்டுக்குள்ளே அவருடைய அரிவாள், வாய்ப் பக்கம் உள்ளே போகும்படி செருகி, மேலே கொடியால் இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

"எங்களுதும் கத்திதான். நாங்க கீழ போடறதில்லியே" என்றார்.

செருப்புக்கு என்று நூறு ரூபாயை நீட்டினேன். "செருப்பு எம்பது ரூபா" என்று வாங்கிக்கொண்டார். மீதி இருபதுக்கு மடியிலிருந்து நாலு கொய்யாப் பழம் எடுத்துக் கொடுத்தார். ஏழு வருஷம் ஆடிட்டிங்கில் இருந்த எனக்குத் தெரிந்து இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு நேரானதில்லை.

*

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக உறையை மேஜையில் வைத்து ஆராய்ந்தேன். அப்போதுதான் விஷயம் விளங்கியது. அந்த இரண்டு திருகுகளில் வாய்ப் பக்கம் இருந்தது வெறும் கொக்கியைப் பிடிக்கிற திருகு மட்டும் இல்லை. உறையின் இரண்டு பக்கத்தையும் இறுக்கி, கத்தியைக் கவ்விப் பிடிக்க வைப்பதும் அதுதான். அது தளரத் தளர 'டக்'கும் தளர்கிறது. அது விழுந்துவிட்டால் உறை வாயைப் பிளந்துவிடும். அடுத்த திருகு ஒற்றை ஆளாகச் சுமந்து, அதைச் சுற்றி உறை ஊஞ்சலாடி, தலைகீழாகி... பாக்கி உங்களுக்கே தெரியும்.

திருகு ஏன் தானாகக் கழல்கிறது? யாரும் கழற்றவில்லை. நடைதான் கழற்றுகிறது. ஒவ்வொரு அடிக்கும் உறை இடுப்பில் ஒரு தட்டு தட்டுகிறது. ஒரு நாள் மலையேற்றத்தில் இருபதாயிரம் அடி எடுத்து வைத்தால் இருபதாயிரம் தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு மயிரிழை திரும்பினால்கூடப் போதும். பிளாஸ்டிக் வேறு வெயிலில் இளகி, குளிரில் சுருங்குகிறது. காலையில் 'கிண்' என்று இருந்த திருகு மத்தியானம் 'கொழ கொழ' ஆவது இப்படித்தான்.

சரி, ஒரு திருகு வாங்கிப் போட்டால் போச்சு. தி.நகரில் கிடைக்காத பொருள் உண்டா? ரங்கநாதன் தெருவில் ஊசி முதல் உடுக்கை வரை கிடைக்கும். இந்தத் திருகு மட்டும் கிடைக்கவில்லை. உஸ்மான் ரோடு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில், மிச்சமிருந்த ஒற்றைத் திருகைக் காட்டினேன். கடைக்காரர் அதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது அமெரிக்கா மரை சார். அங்குலத்துக்கு முப்பத்திரெண்டு. நம்மகிட்ட இருக்கறது எல்லாம் மில்லிமீட்டர் மரை. நாலு எம்எம் போட்டா முதல் ரெண்டு சுத்து ஏறும். 'ஆஹா பொருந்திடுச்சு'ன்னு முறுக்கினீங்கன்னா மரை கழண்டுடும்."

"எனக்கா, அதுக்கா?"

"முதல்ல அதுக்கு. அப்புறம் உங்களுக்கு" என்றார்.

இந்த மாதிரித் திருகுக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு பக்கம் குழாய், மறு பக்கம் திருகு, இரண்டும் எதிரெதிராக வந்து நடுவில் உள்ளதைக் கவ்விக்கொள்ளும். அமெரிக்காவில் 'சிகாகோ ஸ்க்ரூ' என்கிறார்கள். மயிலாப்பூர்க்காரனுக்குச் சிகாகோ என்றால் 1893-ல் விவேகானந்தர் பேசிய ஊர். அங்கே திருகும் உண்டென்பது செய்தி. ஆனால் படத்தைப் பார்த்தவுடனே எனக்குப் பொறி தட்டியது. இதை நான் ஏழு வருஷம் பார்த்திருக்கிறேன்!

பழைய லூஸ் லீஃப் லெட்ஜர்! தாள்களைத் துளை போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, இரண்டு பித்தளைத் திருகால் இறுக்குவோமே, அதே ஜாதி. ஓடினேன் பழைய ஆபீசுக்கு. டேலி வந்த பிறகு லெட்ஜர்கள் எல்லாம் பரண்மேல் போய்விட்டன. ஆடிட்டர் சார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஆபீஸ்ல இருந்தப்போ ஒரு லெட்ஜரைத் தொறக்கச் சொன்னா ஓடுவே. இப்போ நீயா வந்து தொறக்கறியா?" என்றபடி சாவியைக் கொடுத்தார்.

பெரிய லெட்ஜரின் திருகு கட்டைவிரல் நீளம், உதவாது. ஒல்லியான ஒரு கேட்லாக் ஃபைலில் இருந்த குட்டைத் திருகு இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. குழாயும் திருகும் ஜோடியாகவே மாற்றியதால் அமெரிக்க மரை, இந்திய மரை என்ற தகராறு இல்லை.

*

இப்படித் திரிந்ததில் நான் கற்றுக்கொண்ட நாலு பாடத்தை, இடுப்பில் கத்தியோ டார்ச்சோ தண்ணீர்ப் பாட்டிலோ மாட்டிக்கொண்டு மலையேறும் ஆபீஸ் நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நீளம். திருகு முழுக்க ஏறி முட்டிக்கொண்டுவிட்டது, ஆனாலும் உறை ஆடுகிறது என்றால், திருகு நீளம் அதிகம். எவ்வளவு முறுக்கினாலும் இறுகாது. இரண்டே மரைதான் பிடிக்கிறது என்றால், திருகு குட்டை. முதல் பாறையிலேயே விடைபெறும். முட்டுவதற்கு ஒரு சுற்று முன்னாலேயே உறை இறுகிவிட வேண்டும். அதுதான் சரியான நீளம்.

இரண்டாவது, ரப்பர். பழைய சைக்கிள் டியூபிலிருந்து காலணா அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவில் துளை போட்டு, உறையின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே வாஷராக வைத்துவிடுங்கள். ரப்பர் சதா வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த முறைப்பில் திருகு திரும்பாது. கவ்வுகிற இறுக்கத்தையும் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பசை. லாக்டைட் என்று ஒரு திரவம். 1953-ல் அமெரிக்காவில் வெர்னான் க்ரீபிள் என்கிற கெமிஸ்ட்ரி பேராசிரியர் கண்டுபிடித்தது. காற்றுப் படுகிறவரை தண்ணீர் மாதிரி இருக்கும். இரும்பு, பித்தளை மாதிரி உலோகங்களுக்கு நடுவே, காற்றுப் புகாத இடத்தில் மாட்டிக்கொண்டால் இறுகிவிடும். நான் வாங்கிய பாட்டிலில் பாதிதான் இருந்தது. 'ஏமாற்றிவிட்டான்' என்று கடைக்குச் சண்டைக்குப் போனேன். உள்ளே காற்று இருந்தால்தான் அது கெட்டியாகாமல் இருக்குமாம், வேண்டுமென்றேதான் ரொப்புவதில்லையாம். ஆடிட் புத்தி அடிவாங்கிய இடம் அது.

இதில் நீலம், சிவப்பு என்று இரண்டு ரகம் முக்கியம். நீலம் வாங்குங்கள். வேண்டும்போது சாதாரண திருப்புளியாலேயே கழற்றலாம். சிவப்பைப் போட்டால் பிறகு கழற்ற இருநூற்றைம்பது டிகிரி சூடு காட்ட வேண்டும். திருகு வருவதற்குள் உறை அப்பளமாகிவிடும். முதலில் மரையில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, குழாய்க்குள்ளே ஒரே ஒரு சொட்டு. வெளியே வழிந்து பிளாஸ்டிக்கில் படவிடாதீர்கள், சில பிளாஸ்டிக்குகள் விரிசல் விடும். போட்ட பிறகு ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வையுங்கள். கிளம்புகிற அன்று காலையில் போடுவது, பரீட்சை ஹால் வாசலில் படிப்பது மாதிரி.

நான்காவது, கோடு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தொழிற்சாலைகளில் போல்ட்டை முறுக்கி முடித்ததும், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை பெயின்டால் ஒரு கோடு போடுவார்கள். அப்புறம் திருப்புளியே வேண்டாம். கோடு நேராக இருந்தால் திருகு நகரவில்லை. கோடு உடைந்து தெரிந்தால் நகர்ந்திருக்கிறது. பத்து அடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம். நானும் போட்டேன். பெயின்டுக்கு எங்கே போவது? வீட்டில் சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது. அவசரத்துக்கு மரையிலும் அதையே ஒரு சொட்டு விடலாம், லாக்டைட்டுக்கு ஏழை வீட்டுத் தம்பி.

"என்னோடது பிளாஸ்டிக் இல்லை, லெதராக்கும்" என்று அடையாறு கேஷியர் மீசையை முறுக்கினார். அவர் உறையை வாங்கிப் பார்த்தேன். கடல் காற்று வீட்டுக்குள் வந்துபோகிற பேட்டை. ரிவிட் பச்சை பூத்திருந்தது, பிரஸ் பட்டன் ஊதினால் திறந்துகொண்டது. உறையிலேயே மாசக்கணக்கில் கிடந்த கத்தியிலும் துரு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதனால் வீட்டில் கத்தி வேறு, உறை வேறாகத்தான் வைக்க வேண்டும்.

அவரை லஸ் கார்னர் பிளாட்பாரத்தில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் அழைத்துப் போனேன். அவர் பட்டனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைத்தார். பெல்ட் மாட்டுகிற வாரில் ரிவிட்டோடு கூட, மெழுகு நூலை இரண்டு ஊசியில் கோத்து, எதிரும் புதிருமாகத் தைத்தார்.

"ரிவிட் விட்டா விட்டதுதான் சார். இந்தத் தையல்ல ஒண்ணு அறுந்தாலும் அடுத்தது புடிச்சுக்கும். கழண்டு விழறதுக்கு முன்னாடி உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் விழும்" என்றார்.

இன்னொரு விஷயம், வக்கீல் நண்பர் சொல்லித் தெரிந்துகொண்டது. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்கான பட்டியலில் கத்தியும் இருக்கிறது. சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் ஆயுதத்தோடு போகக்கூடாது. வெள்ளரிக்காய் நறுக்கத்தான் என்றால் சட்டம் கேட்காது. அடையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற கிண்டி தேசியப் பூங்காவுக்கும் இதுதான் கதி. ஏலகிரி சரணாலயம் இல்லையோ, தப்பித்தேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்த பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை, வழிகாட்டியோடு திறந்துவிட்டது. கிளம்புமுன் கத்தி கொண்டு வரலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 'வேண்டாம்' என்றால் வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் எடுத்துப் போங்கள். எந்த மலையும் வெள்ளரிக்காயைத் திருப்பி அனுப்பியதில்லை.

*

இவ்வளவு செய்தும், மனதில் ஏதோ ஒரு திருகு மட்டும் இறுகவில்லை. போன மாதம்தான் இறுகிற்று.

எங்கள் காம்பவுண்டில் இரண்டு தென்னை மரங்கள். காய் போட ஒருவர் வருவார். வேட்டியை மடித்துக் கட்டி, மேலே ஒரு கயிற்றை இறுக்கி, முதுகுப் பக்கம் அரிவாளைச் செருகிக்கொண்டு ஏறுவார். உறை கிடையாது, திருகு கிடையாது, பசை கிடையாது. நாற்பதடி உயரம். பத்து வருஷமாகப் பார்க்கிறேன், ஒரு நாளும் அரிவாள் விழுந்ததில்லை. நான் இப்போது இந்தத் துறையில் அரை நிபுணன் ஆகிவிட்டபடியால், அன்றைக்குக் கூர்ந்து பார்த்தேன்.

ஏறுவதற்கு முன் கையைப் பின்னால் கொண்டு போய் அரிவாளை ஒரு தட்டு தட்டினார். பாதி மரத்தில் நின்று மறுபடி ஒரு தட்டு. உச்சியில் வெட்டி முடித்து, செருகிக்கொண்டு, இறங்குமுன் இன்னொரு தட்டு.

இறங்கியதும் கேட்டேன். "ஏம்ப்பா, ஒவ்வொரு தடவையும் தட்டிப் பாக்கறியே, விழுந்துடும்னு பயமா?"

"எனக்கென்ன சார் பயம்? நான் அதுக்கு மேலதானே இருக்கேன்" என்றார். "கீழ நீங்க நிக்கிறீங்களே!"

தேக்கிலை சுற்றிய கத்தியும், கீறிப் போன ஒரு ரப்பர் செருப்பும் கண்முன் வந்து போயின. கத்தி குத்திவிடாமல் என்னைக் காப்பாற்றத்தான் உறை என்று அதுநாள் வரை நினைத்திருந்தேன். முன்னால் போகிறவன் நான். எனக்குப் பின்னால் வெறுங்காலோடு ஒரு பேரன் ஓடி வருகிறான். உறையும் அதன் திருகும் அவனுக்காக.

அதற்குப் பிறகு இரண்டு மலைகள் ஏறிவிட்டோம். கிளம்புமுன் ஒரு தட்டு, உட்கார்ந்து எழுந்தால் ஒரு தட்டு, பாறை தாண்டினால் ஒரு தட்டு. சிவப்புக் கோடு நேராகவே இருக்கிறது. 'டக்'கும் பழைய 'டக்'காக வந்துவிட்டது. எங்கள் கோஷ்டியில் இப்போது ஆறு பேரும் இடுப்பைத் தட்டிக்கொண்டே நடக்கிறோம். எதிரே வருகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று வழி விடுகிறார்கள்.

வீட்டில் மட்டும் ஒரு சின்னப் பிரச்னை. நேற்று சாயங்காலம் சகதர்மிணி கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அலமாரியைத் திறந்து, சின்ன பாட்டிலை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன்னா... என் நெயில் பாலிஷ் பாதிதான் இருக்கே?"

"உள்ளே காத்து இருந்தாத்தான்டி கெட்டியாகாம இருக்கும். வேணும்னேதான் ரொப்ப மாட்டான்" என்றேன்.

அவள் என் உறையைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

நான் இடுப்பை ஒரு தட்டு தட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.